முப்பது பெசோ கோட்டு

எடித்தா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் நாத்தனார் புரிங்கின் வாயிலிருந்து. அதுவும் வசவாக.

"வந்துட்டா பாரு கடைசி நாள் மகாராணி! எடித்தானு பேரு. ஆறு நாளும் வந்து தடவிப் பாத்துட்டுப் போவா, காசைக் கண்ணுல காட்ட மாட்டா. ஏழாம் நாள் காக்கா மாதிரி வந்து நல்லதா கொத்திட்டுப் போயிடுவா."

அப்போது பாகியோ மலையூரில் மேட்டுச் சந்தையில் புரிங்குக்கு உகாய்க் கடை, அதாவது பழந்துணிக் கடை. நான் கூட உட்கார்ந்து மடித்துக் கொடுப்பேன். எங்கேயோ குளிர் தேசத்தில் யாரோ உடுத்திக் கழித்த துணி கட்டுக் கட்டாகக் கப்பலேறி வரும். புதன்கிழமை கட்டைப் பிரித்துக் கொட்டுவோம். அன்று விலை உச்சியில் இருக்கும். நாளுக்கு நாள் இறங்கி, அடுத்த செவ்வாய்க்கிழமை எதை எடுத்தாலும் முப்பது பெசோ. அதற்கும் போகாததை மூட்டை கட்டித் தாழ்நாட்டு வியாபாரியின் தலையில் தள்ளிவிடுவோம்.

புரிங் திட்டின திட்டுக்கு நான் ஒரு பரதேசியை எதிர்பார்த்துத்தான் நிமிர்ந்தேன். நின்றவளோ பாங்கு மானேஜர் மாதிரி இருந்தாள். கரி நிறத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் திராட்சை நிறத்தில் ஒரு துணி. முதுகில் ஒரு கைக்குழந்தையைத் துண்டால் கட்டியிருந்தாள். அந்தத் துண்டுகூடச் சட்டைக்குப் பொருத்தமான நிறத்தில் இருந்தது.

"யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டேன். எனக்கு ஒருத்தியின் வேர் தெரியாமல் பேச்சு ஓடாது.

சொன்னாள். என் மாமியாரின் தம்பி கிரிசாந்தோவுக்கு இரண்டு தாரம். இரண்டாம் தாரம் தூப்லாய் ஊர்க்காரி, வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் கறுத்தவள், என் கல்யாணத்தில் பன்றிக்கறி பங்கு போட்டவள். அவளுடைய மூத்த மகன் வயிற்றுப் பெண்தான் இவள். அப்படியானால் புரிங்குக்குத் தாய்மாமன் பேத்தி. இவ்வளவு நாளாகச் சொந்த மாமன் பேத்தியைத்தான் காக்கா என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

சொந்தம் என்று தெரிந்ததும் முப்பதை இருபதாக்கச் சொல்லிவிடுவாளோ என்று புரிங்கின் முகம் சுருங்கியது. எடித்தா கேட்கவே இல்லை. "முப்பதுன்னா முப்பதுதான், மனாங். சொந்தத்துக்காக விலையை உடைச்சா அப்புறம் நான் பெருமையா சொல்லிக்க முடியாதே," என்றாள். மூத்தவளை நாங்கள் மனாங் என்போம், அக்கா என்பது போல.

அவள் சொன்னதன் அர்த்தம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் விளங்கும். எங்களிடம் ஒருத்தி உடையை அழகு என்று சொன்னால் நாங்கள் நன்றி சொல்வதில்லை, விலையைச் சொல்வோம். "எண்பது!" என்பாள் ஒருத்தி. "எனக்கு அம்பதுக்குக் கெடைச்சுது," என்பாள் அடுத்தவள். யார் குறைவாகச் சொன்னாளோ அவளுக்குத்தான் ஜெயம். கோயில் வாசலிலும் சாவு வீட்டிலும்கூட இது நடக்கும்.

எடித்தாவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் ஃபாஸ்தோ இரிசான் வழித்தடத்தில் அடுத்தவர் ஜீப்னியில் ஆள் ஏற்றி ஓட்டினான். குழந்தைகள் நல அலுவலகத்தில் இருந்து கொடுக்கும் பிள்ளைகளை வாங்கி வளர்ப்பது அவள் வழக்கம். அன்று முதுகில் இருந்ததும் அப்படி வந்த பிள்ளைதான். பெற்றவர்கள் இல்லாத பிள்ளை, இருந்தும் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளை. சில மாதம், சில வருடம். பிறகு உறவுக்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அலுவலகம் கொடுக்கும் பணம் பிள்ளையின் பாலுக்கும் பள்ளிக்கும் போய்விடும். ஃபாஸ்தோ கொண்டுவருவது அரிசிக்கும் வாடகைக்கும் சரி. அதில் எடித்தாவின் உடைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் அவள் தெருவில் நடந்தால் தலைகள் திரும்பும். நான் வெகுநாள் கூட இருந்து பார்த்தவள், அதனால் சொல்கிறேன். அவளிடம் மூன்றே நிறம்தான்: கரி, வெள்ளை, திராட்சை. பிற்பாடு மணல் நிறம் ஒன்று சேர்ந்தது. எதை எடுத்து எதோடு போட்டாலும் பொருந்தும். பத்து உருப்படிக்கு முப்பது உடை கணக்கு. கழுத்துப்பட்டையில் என்ன பெயர் தைத்திருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள். உள்ளே திருப்பித் தையலைப் பார்ப்பாள், அக்குளைப் பார்ப்பாள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பார்ப்பாள், தோளில் வைத்துப் பார்ப்பாள். "இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தை வெட்டலாம், தோள் பொருந்தாட்டி கடவுளே வந்தாலும் சரி பண்ண முடியாது," என்பாள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் வினிகர் விட்ட சுடுதண்ணீரில் ஊறப்போடுவாள். பிளாஸ்டிக் பித்தானைப் பிடுங்கிவிட்டு எலும்புப் பித்தான் தைப்பாள். பித்தானுக்காகவே கந்தல் கோட்டு வாங்குவாள். மூடுபனியில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்துவிட்டு, கருவாட்டு வாசனை ஏறாமலிருக்க அன்று வெறும் கீரையும் சோறும்தான் சமைப்பாள். ஃபாஸ்தோ முணுமுணுப்பான்: "உன் சட்டைக்காக நான் பட்டினி."

"கீரை தின்னா ஒல்லியாவே. உனக்கும் ஒரு நல்ல கால்சட்டை பொருந்தும்," என்பாள்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பெரும்பாலும் அவை ஒரு பிளாஸ்டிக் பையோடுதான் வரும். பையில் இரண்டு சட்டை, அதுவும் யாரோ எடுத்துப் போட்டதாக இருக்கும். முதல் செவ்வாய்க்கிழமை கடைக்குக் கூட்டிவந்து, "உனக்குப் பிடிச்சது ஒண்ணு எடு. எதுவானாலும் சரி," என்பாள். எதுவானாலும் என்றால் எதுவானாலும்தான். ரோவெலின் என்ற ஆறு வயதுப் பெண் வந்தபோது, பெரிய ஆளுக்கான பச்சை நிறக் கையில்லாச் சட்டை ஒன்றை எடுத்தாள். மார்பில் ஒரு மான் தைத்திருந்தது, மானுக்கு ஒரு கண்தான் இருந்தது.

"இது உன் பாட்டனுக்கு ஆகும்டீ, வேற பாரு," என்றாள் புரிங்.

"அவளுக்குப் பிடிச்சிருக்கு, மனாங்," என்று எடித்தா முப்பது பெசோவை நீட்டிவிட்டாள். இரண்டு நாளில் பக்கங்களைப் பிடித்து, கீழே மடித்து, மானுக்கு இன்னொரு கண்ணும் தைத்துவிட்டாள். அந்தப் பெண் அதைக் கழற்றாமல் ஒரு மாதம் போட்டுத் திரிந்தாள்.

அந்த வருடம்தான் மணல் நிறக் கோட்டு வந்தது. கணுக்கால் வரை நீளம், உள்ளே பழுப்புப் பட்டு, இடுப்பில் வார். எடித்தா அதைப் போட்டுக்கொண்டு ரோவெலினின் பள்ளி விழாவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். என் பேத்தியும் அந்தப் பள்ளிதான்.

வாசலில் திவினா நின்றிருந்தாள். எடித்தாவுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். புருஷன் சவுதியில். பெண்ணுக்கு எல்லாமே புதுசாக வாங்குவாள், விலைச்சீட்டைக் கிள்ளாமல் இரண்டு நாள் தொங்கவிடுவாள்.

"அடேயப்பா, கோட்டு! உகாய்தானே, மனாங்?" என்றாள்.

மற்ற நாளாக இருந்தால் எடித்தா "முப்பது!" என்று கத்தியிருப்பாள். அதற்குள் திவினா பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அந்த வீட்டுல எல்லாமே அப்படித்தான். சட்டையும் உகாய், புள்ளையும் உகாய். அடுத்தவங்க வேணாம்னு போட்டதைப் பொறுக்கறதே பொழப்பு."

எடித்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோவெலின் நின்றிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

எடித்தா பெண்ணைப் பார்த்தாள், திவினாவைப் பார்த்தாள். "இது உகாய் இல்லை. புதுசு. பெரிய கடையில வாங்கினது. ஒன்பதாயிரம் பெசோ," என்றாள்.

நான் அவளைத் தெரிந்த நாள் முதல், அவள் வாயில் விலை கூடிப் போனது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு மூன்றாம் வாரம் அலுவலகத்தில் இருந்து ஆள் வந்தது. மிஸ் பெர்னாலெஸ், மணிலாவில் இருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பிள்ளை வளர்க்க எடித்தாவுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதோடு ஒரு புகார்க் கடிதம் வந்திருந்தது. பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் வளர்ப்பவள் முதுகில் கோட்டாகத் தொங்குகிறது, ஒன்பதாயிரம் என்று அவளே பத்துப் பேர் முன்னால் சொன்னாள் என்று அதில் எழுதியிருந்தது.

மிஸ் பெர்னாலெஸ் கெட்டவள் இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தாள். மூன்று தட்டு பெண்ணுக்கு, ஒரு தட்டு எடித்தாவுக்கு. எழுதிக்கொண்டாள். பிறகு கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், உள்பட்டைத் தடவினாள். "மணிலாவுல இது ஒன்பதாயிரத்துக்கும் மேலதான் இருக்கும்," என்று மெதுவாகச் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. அனுமதி போனால் ரோவெலினைத் தாழ்நாட்டில் இருக்கும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

வியாழக்கிழமை நானும் புரிங்கும் அவள் வீட்டுக்குப் போனோம். நான் என்னுடைய பழைய ஸ்வெட்டரைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். முழங்கையில் ஓட்டை, சாயம் போனது.

"நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வா. தலையை வாராதே. ஏழைன்னு பாத்தா மனசு எறங்கும்," என்றேன்.

"ஆமா, கொஞ்சம் அழுதுக்கோ," என்றாள் புரிங். "உன்னால அழ முடியாட்டி நான் கிள்ளறேன்."

எடித்தா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அப்போதுதான் ரோவெலின் பள்ளி விட்டு வந்தாள். வாசலிலேயே நின்று எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"யார் செத்துட்டாங்க, ஆன்ட்டி?"

"யாரும் சாகலை."

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்களா?"

எடித்தா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தாள். "மனாங், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் அழுக்கா போய் நின்னா, பாருங்க இவளையே பாத்துக்க முடியாதவ புள்ளையை எப்படிப் பாத்துக்குவான்னு அதுக்கும் ஒரு கடிதம் எழுதுவாங்க. நான் நானாத்தான் போவேன். மனாங் புரிங், நீங்க வந்து விலையை மட்டும் சொன்னா போதும்."

வெள்ளிக்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். எலும்புப் பித்தானெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தன.

நீள மேசைக்குப் பின்னால் தலைவி மிசஸ் பாலங்டான், பக்கத்தில் மிஸ் பெர்னாலெஸ். சுவரோரம் நானும் புரிங்கும். எதிரில் திவினா, காதில் புதுக் கம்மல்.

"ஒன்பதாயிரம்னு நீங்களே சொன்னது உண்மையா?" என்று மிசஸ் பாலங்டான் கேட்டாள்.

"உண்மை, மேடம். சொன்னேன். ஆனா அது பொய். முப்பது பெசோ."

திவினா சிரித்தாள். "மேடம், உகாய் எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்தான். இந்த மாதிரிக் கோட்டு கட்டு பிரிச்ச அன்னைக்கே பத்து மணிக்குள்ள பறந்துடும். முப்பது பெசோ நாள் வரைக்கும் இதை யார் விட்டு வைப்பா?"

மிசஸ் பாலங்டான் தலையாட்டினாள். அவளும் இந்த ஊர்க்காரிதான், அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையை நானே மடித்து விற்றிருக்கிறேன். திவினா கேட்டதில் தப்பே இல்லை.

புரிங்கை எழுப்பினார்கள். "முப்பதுக்குத்தான் குடுத்தேன், சத்தியமா," என்றாள்.

"முதல் நாள் என்ன விலை போட்டீங்க?"

"நானூத்தம்பது."

"ஆறு நாள் எப்படி விக்காம நின்னுச்சு?"

புரிங் பொய் சொல்லத் தெரியாதவள். அதுதான் அவள் வியாபாரத்துக்கே சாபம். "அதுதான் எனக்கும் புரியலை, மேடம். புதன்கிழமை என் கையாலதான் மாட்டி வெச்சேன். மத்தியானம் பாத்தா காணோம். களவு போச்சுன்னு திட்டித் தீத்தேன். செவ்வாய்க்கிழமை இவ கையில அது இருந்துச்சு. துணிக் குவியல்ல எங்கயோ மாட்டிக்கிட்டுக் கெடந்திருக்கும்னு நெனைச்சு வித்துட்டேன்."

மிஸ் பெர்னாலெஸ் பேனாவை நிறுத்திவிட்டாள். அறையில் இருந்த எல்லாருக்கும் சாட்சி சொந்தக்காரி என்பதும், சொந்தக்காரி உளறுகிறாள் என்பதும்தான் பட்டது. திவினா கம்மலைச் சரிசெய்துகொண்டாள்.

எடித்தா எழுந்தாள். புரிங்கை நேராகப் பார்த்தாள்.

"மனாங் புரிங், நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"என்னது?"

"பெரிய சைஸ் ஆம்பளைக் கால்சட்டைக் குவியல் இருக்குல்ல, மூலையில? நம்ம ஊர்ல அந்த இடுப்புக்கு ஆள் கெடையாது. யாரும் கிண்ட மாட்டாங்க. புதன்கிழமை அதுக்கு அடியில சொருகிட்டுப் போவேன். தெனமும் வந்து இருக்கான்னு தடவிப் பாப்பேன். செவ்வாய்க்கிழமை எடுத்துக்குவேன்."

புரிங்கின் முகம் தக்காளியானது. தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள்.

"அடிப் பாவி! அப்ப அந்த திராட்சைக் கலர் ஸ்வெட்டர்?"

"அதுவும்தான், மனாங்."

"கிறிஸ்துமஸுக்கு வந்த தோல் பூட்ஸு? முன்னூறுக்குக் கேட்டாங்களே, ஒரு காலைக் காணோம்னு திருப்பி அனுப்பினேனே!"

"ஒரு காலைத்தான் ஒளிச்சேன். ஒத்தைக் காலை யார் வாங்குவா?"

"அய்யோ! அய்யோ! இவளை என் மாமன் பேத்தின்னு வீட்டுல உக்கார வெச்சு இஞ்சித் தண்ணி குடுத்தேனே! மூணு வருஷமா, மேடம், மூணு வருஷமா! கையை நீட்டுடீ, அந்தக் கையை உடைக்கறேன்!" புரிங் குடையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்துவிட்டாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். எடித்தா அசையாமல் நின்றாள்.

மிசஸ் பாலங்டான் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஒப்புக்குச் சாட்சி சொல்ல வந்தவள் இப்படிக் கொதிக்க மாட்டாள். அது அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "உக்காருங்க, மனாங். குடையைக் கீழ வைங்க. நம்பறேன், முப்பதுதான்," என்றாள். பிறகு எடித்தாவிடம் கேட்டாள்: "இவ்வளவு கெட்டிக்காரத்தனமா வாங்கினதை ஒன்பதாயிரம்னு ஏம்மா சொன்னீங்க? நானா இருந்தா முப்பதுன்னு தெருத் தெருவா சொல்லியிருப்பேன்."

"வாசல்ல இவங்க ஒரு வார்த்தை சொன்னாங்க, மேடம். புள்ளை பக்கத்துல நின்னுச்சு. அதுக்கப்புறம் உகாய்ன்னு என் வாயால ஒத்துக்க முடியலை. அந்த வார்த்தையை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். சொன்னவங்களே சொல்லட்டும்."

எல்லாரும் திவினாவைப் பார்த்தார்கள். திவினா கைப்பையின் வாரைத் திருகினாள். "வெளையாட்டுக்குச் சொன்னது," என்றாள்.

"சரி, எங்களுக்கும் சொல்லுங்க. வெளையாட்டுதானே," என்றாள் மிசஸ் பாலங்டான்.

திவினா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். மிசஸ் பாலங்டான் கடைசியில் பேனாவை எடுத்து, அனுமதிச் சீட்டை இழுத்து, கையெழுத்துப் போட்டாள். மூன்று வருடத்துக்கு.

சாயங்காலம் எடித்தா ரோவெலினை உட்காரவைத்துச் சொன்னாள்: "அன்னைக்கு வாசல்ல நான் பொய் சொன்னேன். இந்தக் கோட்டு உகாய்தான். முப்பது பெசோ."

"தெரியும்," என்றாள் அந்தப் பெண், ரொட்டியை மென்றுகொண்டே. "நீங்க வாங்கறப்போ நான்தானே பக்கத்துல நின்னேன். கால்சட்டையெல்லாம் தூக்கிப் பிடிச்சதே நான்தான்."

புரிங் இரண்டு மாதம் எடித்தாவைக் கடைப்பக்கம் சேர்க்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். "இந்தக் கண்ணை எதிரியா வெச்சுக்கறதைவிட வேலைக்காரியா வெச்சுக்கலாம். கட்டைப் பிரிச்சு நல்லதைத் தரம் பிரி. கூலி அன்னைக்கு அன்னைக்கு. உனக்குப் பிடிச்ச ஒண்ணு எடுத்துக்கோ," என்றாள். திருடன் கையில் சாவியைக் கொடுக்கிறாயே என்று நான் சொன்னேன். அந்த வருடம் கடையில் வியாபாரம் இரட்டிப்பானது. பெரிய சைஸ் கால்சட்டைக் குவியலை மட்டும் புரிங் தன் நாற்காலிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டாள்.

திவினா இப்போதும் எடித்தாவைப் பார்த்தால் தலையசைப்பாள். பேச்சு இல்லை. ஆனால் அவள் பெண் பட்டம் வாங்கிய அன்று போட்ட வெள்ளை உடை எங்கள் கடையில் இருந்து போனது. எடித்தாதான் எடுத்து வைத்துக் கொடுத்தாள். விலை நூற்றிருபது.

ரோவெலின் ஐந்து வருடம் இருந்தாள். பிறகு அவளைப் பெற்றவளின் அக்கா காலிங்காவில் இருந்து வந்து கூட்டிப்போனாள். நல்ல மனுஷி, எங்களுக்குத் தெரிந்த குடும்பம். புறப்படும்போது பிளாஸ்டிக் பை இல்லை, இரண்டு பெட்டி.

புரிங் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. கடை இப்போது எடித்தாவுடையது. ஃபாஸ்தோ முழங்கால் வலியால் ஜீப்னியை விட்டுவிட்டு அவளுக்கு மூட்டை தூக்குகிறான். எடித்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரிசானில் அதே வீட்டில் இருக்கிறாள். அவளிடம் இப்போது மூன்று வயதில் இரட்டைப் பெண்கள் இரண்டு பேர் வளர்கிறார்கள்.